வில்லைப் பிடிப்பதும் நாணை விடுவதும்: பேர்போ பழகுகிறவர்களுக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பேர்போ (குறிகாட்டிக் கருவி இல்லாத வில்) பழகுகிற தம்பி, தங்கைகள் அதிகம் கேட்பது, “நாணை எப்பங்க விடறது?” என்றுதான். அதற்கு முன்னால் வில் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள்.

நாணை விட்ட பிறகு அம்பு வில்லில் இருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய 50இல் ஒரு பங்கு நேரம். கண் பார்த்துக் கை அசைவதற்கு அதைப் போலப் பத்து மடங்காவது ஆகும். ஆகவே விட்ட பிறகு எதையும் திருத்த முடியாது. கையில் முன்பே இருந்த இறுக்கம்தான் வில்லைத் திருப்பும். வில்லின் அழுத்தம் கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதைமேட்டில், ஆயுள்ரேகையைத் தாண்டாமல் விழ வேண்டும். விரல் முட்டிகள் 45 டிகிரி சாய்வில் இருக்கட்டும், மற்ற விரல்கள் லேசாகத் தொட்டால் போதும். வில் கீழே விழுமோ என்று பயமாக இருந்தால் ஷூ லேஸில் ஒரு ஃபிங்கர் ஸ்லிங் (வில் விழாமல் விரல்களை இணைக்கும் கயிறு) கட்டிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் இழுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

அப்புறம் டிரிகர், அதாவது நாணை விடச் சொல்லும் சைகை. குறி இலக்கின் நடுவிலுள்ள மஞ்சளில் நின்றதும் விரல் தானாக விட்டுவிடுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. அந்தச் சைகை கண்ணிலிருந்து வரக்கூடாது, உடம்பிலிருந்து வர வேண்டும். அம்பை முழு நீளம் இழுத்ததும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் அதற்குத்தான், ஆனால் பேர்போ போட்டியில் அதற்கு அனுமதி இல்லை. எனக்குப் பிடித்தது இறகு: நாணை இழுத்த விரல் வாயோரத்தில் ஆங்கர் ஆன (ஒரே இடத்தில் பதிந்து நின்ற) பிறகும் முதுகால் இழுத்துக்கொண்டே இருக்க, அம்பின் இறகு மூக்குநுனியில் படும். பட்டால் விடலாம். ஒவ்வொரு முறையும் ஒரே நீளம் இழுத்ததற்கும் அதுவே சாட்சி.

இலக்குத் தாள் இல்லாமல், வைக்கோல் கட்டுக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்று பழகுங்கள். அங்கே குறி பார்க்க ஒன்றுமில்லை, பிடியும் இறகும் மட்டும்தான். சலிப்பாக இருக்கும், ஆனாலும் 30 மீட்டருக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

இறகு படவில்லையென்றால் விடாமல் நாணை மெதுவாக இறக்கிவிடுங்கள். இதையும் தனியாகப் பழக வேண்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கும்போது கை தன்னையறியாமல் வில்லை இறுக்கும். அப்போதும் இறக்குங்கள், பிடியை முதலிலிருந்து வையுங்கள், காற்று தணிந்ததும் இழுங்கள்.