வெப்பம் தாங்கும் மூசைகள்: என் சோதனைக் குறிப்புகள்

ஜனவரி 4

மூசை (பொருளை வைத்துச் சுடவும் உருக்கவும் உதவும் சின்னக் கிண்ணம்) வாங்கும் முன், எதற்காக வாங்குகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். மயில்துத்தத்திலிருந்து (நீலக் காப்பர் சல்பேட் படிகம்) நீரை விரட்ட வேண்டும், கால்சியம் கார்பனேட்டைச் சுட வேண்டும், கொஞ்சம் செம்பு உருக்க வேண்டும். முதல் வேலைக்கு 250 டிகிரி செல்சியஸ் இருந்தாலே போதும். இரண்டாவதற்கு 900, செம்புக்கு 1085-க்கு மேல். மூன்றையும் ஒரே மூசையில் செய்ய எனக்கு விருப்பமில்லை.

மூசையின் அட்டையில் உச்ச வெப்பநிலை மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு வேகமாகச் சூடேற்றலாம், உள்ளே எதைப் போடக்கூடாது என்பது இருப்பதில்லை. மூசை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். காஸ்டிக் சோடாவை உருக்கினால் பீங்கானையும் குவார்ட்ஸையும் (உருக்கி வார்த்த சிலிக்காக் கண்ணாடி) அது அரித்துவிடும், 400 டிகிரியைத் தாண்டாவிட்டாலும் சரி. அதற்கு நிக்கல் மூசை வேண்டும்.

பீங்கான், குவார்ட்ஸ், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), களிமண் கலந்த கிராபைட் என்று வகைக்கு ஒன்றும், உடைத்துப் பார்க்கவே ஒரு குட்டி அலுமினா மூசையும் சொல்லியாயிற்று.

ஜனவரி 12

எல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டினேன். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கிவிடும். பளபளப்புப் பூச்சு இருக்கும் பக்கத்தில் மை தடவித் துடைத்தும் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் மை தங்கிக் கோடாகக் காட்டிவிடும். கிராபைட்டில் மை தெரியாது, அதற்குக் காதுதான்.

ஜனவரி 13

பீங்கானில் பெயர் எழுத ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தொட்டு எழுதிச் சுட்டேன். இரும்பு ஆக்சைடு பழுப்பாகப் படிந்து நின்றுவிட்டது. பென்சில் எழுத்து எரிந்து போய்விடும்.

ஜனவரி 18

மயில்துத்தம் 5 கிராம், பீங்கான் மூசையில், சின்னத் தீயில். நீலம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. தீயைக் கூட்டவில்லை. அதிகம் காய்ந்தால் உப்பே சிதைந்து கந்தக ஆக்சைடு வாயு வரும்.

சூடாக இருக்கும்போது எடை பார்க்கக் கூடாது. மேலே எழும் வெப்பக் காற்று மூசையைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஆறவைத்து நிறுத்தேன். மறுபடி சூடாக்கி, ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை செய்தேன். மொத்தம் 1.8 கிராம் போயிருந்தது. மயில்துத்தத்தில் 36 சதவீதம் நீர், கணக்கு அப்படியே ஒத்துவந்தது. ரொம்ப சந்தோஷம்!

ஜனவரி 26

கண்ணாடி, கையுறை, முகத் தடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு வெப்ப அதிர்ச்சிச் சோதனை. குவார்ட்ஸ் மூசையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். சீறியது, அவ்வளவுதான், ஒரு கீறலும் இல்லை. குட்டி அலுமினா அதே தண்ணீரில் இரண்டாகப் பிளந்தது. இத்தனைக்கும் அட்டைப்படி அலுமினாதான் 1600 டிகிரியைத் தாங்கும், குவார்ட்ஸ் நீண்ட நேர வேலைக்கு சுமார் 1100 வரைதான்.

சூட்டில் அலுமினா விரிவது குவார்ட்ஸைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தண்ணீரில் விழுந்ததும் வெளித்தோல் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் சூடு விடாது. தோல் இழுபடும். பீங்கான் வகைகள் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் ஏற்றும்போதைவிட இறக்கும்போது நான் கூடுதல் பொறுமையாக இருக்கிறேன். அலுமினாவை உலையிலேயே விட்டு ஆறவைப்பதுதான் முறை.

குவார்ட்ஸைத் தொடும் முன் கையுறை போடுங்கள். வியர்வையின் சோடியம் பட்ட இடம் உயர்சூட்டில் படிகமாகி வெளுத்து, பிறகு உதிரும்.

பிப்ரவரி 1

கால்சியம் கார்பனேட் 10 கிராம், பெரிய அலுமினா மூசையில், உலையை மெதுவாக 900-க்கு ஏற்றி. மீதம் 5.7 கிராம். முழுக்கச் சுட்டிருந்தால் 5.6 இருக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் வேகவில்லை. நாளை இன்னும் ஒரு மணி நேரம் வைக்கிறேன்.

பிப்ரவரி 9

செம்பு. கிராபைட் மூசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதை முதலில் 200 டிகிரியில் வெகுநேரம் உலர்த்தினேன். பிறகு சிவக்க ஏற்றி, வெண்காரம் (போராக்ஸ்) தூவி உட்சுவரில் கண்ணாடி போலப் படியவிட்டேன். செம்புத் துண்டுகளை நெருக்கி அடைக்கவில்லை. மூசையைவிட உலோகம் அதிகம் விரியும், இறுக்கி வைத்தால் சுவரைப் பிளந்துவிடும். உலையடியில் உலர்ந்த மணல் தட்டு. சிமெண்டுத் தரையில் உருகிய உலோகம் சிந்தினால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தரை வெடித்துத் தெறிக்கும்.

செம்பு உருகி, சூடாக்கி வைத்திருந்த அச்சில் தடையின்றி ஓடியது. மிச்சம் மூசையில் உறைய விடாமல் முழுக்க ஊற்றிவிட்டேன்.

பிப்ரவரி 10

கிராபைட் மூசையின் விளிம்பு மங்கிச் சற்று மெலிந்திருக்கிறது. காற்றில் 500 டிகிரிக்கு மேல் கிராபைட் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டேதான் இருக்கும். உட்சுவர் நன்றாக இருக்கிறது. இதைச் செம்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அலுமினியத்துக்கு வேறொன்று வாங்க வேண்டும்.