ஸ்கேலுக்கு எட்டாத தொலைவு

இயக்கத்தை வெளியின் வளைவாகப் பார்ப்பது என்றாலே மாணவர்களுக்கு ஐன்ஸ்டைன்தான் நினைவுக்கு வருகிறார். அவர் பிறப்பதற்கு முன்பே, 1842–43 குளிர்காலத்தில் கோனிக்ஸ்பெர்க்கில் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஜேக்கோபி நடத்திய இயக்கவியல் சொற்பொழிவுகளில் அந்த எண்ணத்தின் வித்து கிடக்கிறது என்றால் நம்ப மறுக்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். லக்ராஞ்சியன் (ஆற்றல்களிலிருந்து இயக்கத்தைக் கணக்கிடும் முறை) முடிந்த பிறகு மிஞ்சும் வகுப்புகளில் இதைச் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

சாய்வாக எறிந்த ஒரு கல் போதும். பாதையின் ஒவ்வொரு சிறு துண்டையும் அந்த இடத்திலுள்ள இயக்க ஆற்றலின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதையே நீளம் என்று வைத்துக்கொண்டால், கல் போகும் பரவளையம் அந்தப் புதிய வடிவியலில் நேர்கோடு ஆகிவிடுகிறது. உயரே போகப் போக இயக்க ஆற்றல் குறைகிறது. அங்கே ஒரு மீட்டரின் விலை மலிவு. சிக்கனக்காரனைப் போலக் கல் மேலே சுற்றிக்கொண்டு போகிறது. வகுப்பு இதை ரசிக்கும். ஆனாலும் எனக்கு இதில் முழுத் திருப்தி கிடையாது. கல்லை இன்னும் வேகமாக எறிந்தால் மொத்த ஆற்றல் மாறிவிடும், வடிவியலையும் மாற்றி எழுத வேண்டும். ஐன்ஸ்டைனிடம் அப்படி இல்லை: விழும் பொருள் எதுவானாலும், எந்த வேகமானாலும், காலவெளி ஒன்றுதான். ஜேக்கோபியின் வழியில் நியூட்டனிடம் இல்லாத புதிய செய்தி எதுவும் வந்து சேர்வதுமில்லை.

வெப்ப இயக்கவியலில் கதை வேறு. தோவாளையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, அழுத்தம்–கன அளவு வரைபடத்தில் வெப்பநிலை மாறாக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு, "சார், இரண்டு நிலைகளுக்கு நடுவே எந்தப் பாதை குறுகியது?" என்று கேட்டாள். பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. அந்தத் தாளில் பரப்புக்குப் பொருள் உண்டு, அது வேலை. நீளத்துக்குப் பொருளே இல்லை. பாஸ்கலையும் கன மீட்டரையும் வர்க்கப்படுத்திக் கூட்டவா முடியும்? அச்சின் அளவுகோலை மாற்றினால் குறுகிய பாதையும் மாறிவிடும்.

அங்கே நீளத்துக்குப் பொருள் தேடியவர்கள் வெகு பின்னால்தான் வந்தார்கள். 1975-இல் வைன்ஹோல்ட் உள்ளாற்றலிலிருந்தும், 1979-இல் ரூப்பைனர் ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியிலிருந்தும் தொலைவை வரையறுத்தார்கள். ரூப்பைனரின் தொலைவு தெளிவானது: தற்செயலான ஏற்ற இறக்கத்தால் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வாய்ப்பு எவ்வளவு குறைவோ, அவ்வளவு தூரம். பிறகு அந்த வெளி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று சொல்லும் ரீமான் வளைவைக் கணக்கிட்டால் நல்லியல்பு வாயுவுக்குச் சுழி வருகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத வாயுவின் வெளி தட்டை. மூலக்கூறுகளின் ஈர்ப்பையும் பருமனையும் கணக்கில் கொள்ளும் வான் டெர் வால்ஸ் வாயுவுக்கோ, திரவம்–வாயு வேறுபாடு மறையும் மாறுநிலைப் புள்ளியை நெருங்கும்போது வளைவு எல்லையில்லாமல் பெருகுகிறது.

அந்த மாணவி இதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டாள். வெப்பநிலையையும் அடர்த்தியையும் ஆயங்களாகக் கொண்டால், தொலைவுச் சூத்திரத்தில் இரண்டும் கலந்து வரும் குறுக்கு உறுப்பு மறைந்துவிடும். நோட்டுப் புத்தகத்தில் சில பக்கங்களுக்குள் கணக்கு அடங்கும். வளைவின் கூட்டல்–கழித்தல் குறி மட்டும் நூலுக்கு நூல் மாறி உயிரை வாங்கும். எடுத்துக்காட்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு. அதன் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். எங்கள் துறை வராந்தாவில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டருக்குள் இருப்பதும் அதே வாயுதான். சித்திரை மதியத்தில் இந்த ஊர் 31-ஐத் தாண்டுவது வழக்கம்; அப்போது அதனுள்ளே திரவம் எது, வாயு எது என்று பிரிக்கும் எல்லையே இருக்காது. இதைச் சொன்னதும் அவள் எழுந்து போய் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், "இதனால் என்ன பயன்?" என்றார். அந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். சாலமனும் பெர்ரியும் 1983-இல் காட்டியதை அவள் கரும்பலகையில் எழுதினாள்: ஒரு மாற்றத்தை வரையறுத்த நேரத்துக்குள் நடத்தினால் வீணாகும் பயன்படு ஆற்றலுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, அந்தத் தொலைவின் வர்க்கத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் வருவதற்கு அது நேர்விகிதம். அவசரப்பட்டால் நட்டம் எவ்வளவு என்பதற்கான சமன்பாடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நேரத்தை இரட்டிப்பாக்கினால் அந்த எல்லை என்னவாகும் என்று கேட்டார். "பாதியாகும் சார்" என்றாள்.