ஒரு வரி விடுபட்ட ஸ்கிரிப்ட்

திருகோணமலை என்.சி. வீதியில் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில் சிஸ்டத்தைப் பகுதி நேரமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். தரவு இருப்பது எஸ்.கியூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில்தான். கிளைக் கடையின் பழைய பில்களையும் இதற்குள் கொண்டுவர வேண்டும் என்றார் முதலாளி. லட்சக்கணக்கான வரிகள். தேடலை வேகமாக்கும் அடைவுகளான இண்டெக்ஸ்கள் உயிரோடு இருந்தால் ஒவ்வொரு வரி ஏறும்போதும் அத்தனையும் திருத்தப்படும், விடிந்துவிடும். அதனால் அவற்றை டிசேபிள் செய்து, அதாவது மூடி வைத்து, தரவை ஏற்றி, பிறகு ரீபில்ட் செய்யலாம், அதாவது திரும்பக் கட்டலாம் என்று நினைத்தேன்.

ஒவ்வொன்றாகக் கையால் அடிக்கப் பஞ்சி. எல்லா இண்டெக்ஸ்களையும் பட்டியலிடும் சிஸ்.இண்டெக்ஸஸில் இருந்து பெயர்களை உருவி, டிசேபிள் கட்டளைகளைத் தானே கட்டித் தரும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். சனி இரவு கடை பூட்டியதும் ஓட்டினேன். நொடியில் முடிந்தது. ஏதோ எச்சரிக்கை வரிகளும் வந்தன, வாசிக்கவில்லை.

தரவை ஏற்றப் போனால் முதல் வரியே ஏறவில்லை. சரி, எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம் என்றால் அதுவும் முடியவில்லை. இண்டெக்ஸ் டிசேபிள் ஆகியிருப்பதால், தரவை எப்படி எடுப்பது என்ற பிளானைப் போட முடியாது என்று ஒரே பதில். ஐந்து வருட பில் அதற்குள்தான் இருக்கிறது. கை நடுங்கிவிட்டது.

கொழும்பில் இருக்கும் அண்ணா ஒருவரைக் கூப்பிட்டேன். "கிளஸ்டர்ட் இண்டெக்ஸையும் சேர்த்து மூடிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். மற்ற இண்டெக்ஸ்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சொல்லடைவு மாதிரி, மூடினாலும் புத்தகம் இருக்கும். கிளஸ்டர்ட் இண்டெக்ஸின் அடிமட்டத்தில் இருப்பதோ தரவேதான். அதனால்தான் ஒரு டேபிளுக்கு ஒன்றுதான் வைக்கலாம். சிஸ்.இண்டெக்ஸஸில் அதன் எண் எப்போதும் 1. கிளஸ்டர்ட் இண்டெக்ஸ் இல்லாத டேபிள் என்றால் 0. மற்ற இண்டெக்ஸ்கள், அதாவது நான்கிளஸ்டர்ட் எல்லாம் 2இல் இருந்து தொடங்கும். 'எண் 1ஐ விடப் பெரியது' என்ற ஒரு நிபந்தனையைத்தான் நான் விட்டிருந்தேன்.

"டேட்டா எங்கயும் போகேல்ல. ஒண்டையும் டிராப் பண்ணாத, ரீபில்ட் மட்டும் குடு" என்றார். டிராப் என்றால் அழிப்பது. ரீபில்டும் எல்லா இண்டெக்ஸுக்கும் சேர்த்து 'ஆல்' போட்டுக் கொடுக்க வேண்டும். கிளஸ்டர்டை மூடினால் மற்றவையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதை மட்டும் ரீபில்ட் செய்தால் மற்றவை திறக்காது.

ரீபில்ட் ஓடும்போது யூ.பி.எஸ்ஸையே பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல், பஸ் நிலையப் பக்கம் பிளேன்டீ குடிக்கப் போனேன். அந்த நேரத்திலும் இரண்டு மான்கள் அட்டைப் பெட்டியை மென்றுகொண்டு நின்றன. திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. ஸ்கிரிப்டைத் திருத்தி, பழைய பில்களை ஏற்றி, மற்ற இண்டெக்ஸ்களையும் ரீபில்ட் செய்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு மத்தியானம்தான் அடுத்தது தெரிந்தது. பொருள் பட்டியலிலேயே இல்லாத பொருள் எண்களோடு சில பில் வரிகள்! பில்லில் வரும் பொருள் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் விதியான ஃபாரின் கீ இதைத் தடுத்திருக்க வேண்டுமே. ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயைத் தாங்கும் இண்டெக்ஸை மூடினால், அதை நம்பியிருக்கும் ஃபாரின் கீகளும் மூடிக்கொள்ளும். ரீபில்ட் செய்தாலும் அவை தாமாகத் திறக்காது. நான் வாசிக்காமல் விட்ட எச்சரிக்கை அதுதான்.

ஃபாரின் கீயைத் திறக்கும் கட்டளையில் 'செக்' என்று இரண்டு தரம் வரவேண்டும்: 'வித் செக் செக் கன்ஸ்ட்ரெயின்ட்'. எழுத்துப்பிழை என்று நினைத்து ஒன்றை நான் வெட்டியிருந்தேன். அப்படிச் செய்தால் திறக்கும், ஆனால் ஏற்கனவே உள்ள வரிகளைச் சரிபார்க்காது, ஃபாரின் கீகளின் பட்டியலான சிஸ்.ஃபாரின்_கீஸில் 'நம்பத்தகாதது' என்றே நிற்கும். இரண்டு செக்கும் போட்டபோது மறுத்துவிட்டது. பட்டியலில் பொருள் இல்லாத அந்த அநாதை வரிகளைத் தேடித் திருத்திய பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை காலை முதலாளி கூப்பிட்டார். "தம்பி, இண்டைக்கு பில் கெதியா வருது, என்ன செய்தனீர்?" ரீபில்ட்டில் பக்கங்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்குப்பட்டிருக்கும். பழைய பில்களை ஏற்றும்போது கொஞ்சம் துப்புரவும் செய்தேன் என்று சொல்லி வைத்தேன்.