நெட் தமிழ்த் தாளுக்கு நடுகல் பகுதியை நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தமிழுக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர், இறந்தவர் நினைவாக நட்டு வழிபடும் நடுகல்லுக்கு ஒதுக்கும் நேரம் பத்து நிமிடம்தான். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு பெயரையும் உருப்போட்டதும் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். வரிசைப்படுத்தச் சொல்லிக் கேட்டால் அது போதும். ஆனால் இரண்டாம் தாளின் நூறு கேள்விகளில் நடுகல் எந்த வாசல் வழியாகவும் வரலாம். தொல்காப்பியப் புறத்திணையியல், எட்டுத்தொகை, சிலப்பதிகாரம், கல்வெட்டியல் என எங்கிருந்தும் எடுக்கலாம். பொருத்துக, கூற்று-காரணம் வடிவத்தில் வந்தால் வெறும் பெயர்ப்பட்டியல் கை கொடுக்காது.

நான் எல்லாவற்றையும் ஒரே சடங்காக வைத்துப் படித்தேன். ஒரு சீறூரில் ஒருவன் ஆநிரை மீட்கப் போய்ச் செத்துவிட்டான். அதற்குப் பிறகு ஊரார் அவன் நினைவாக ஒரு கல்லை வைத்து என்னென்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியைத் தாளின் தலையில் எழுதி, படிக்கிற ஒவ்வொரு பாட்டையும் அதற்குரிய இடத்தில் செருகிக்கொண்டே போனேன்.

தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதைக் கைக்கொள்வது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல். அதன்பின் வரும் பெரும்படையைப் பெரிய படையல் இடுவது என்றும், கல்லுக்குக் கோயில் எடுத்துச் சிறப்புச் செய்வது என்றும் விளக்குவார்கள். இரண்டையும் குறித்து வையுங்கள். கடைசியில் வாழ்த்து. இவை தொல்காப்பியத்தில் ஆநிரைப் பூசலைப் பேசும் வெட்சித்திணையில் வருகின்றன. புறப்பொருள் வெண்பாமாலை இதே செய்திகளைப் பொதுவியலில் வைக்கிறது. பொருத்துக கேள்வி அமைப்பவருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்பில் காட்சி, நீர்ப்படை என்ற துறைப்பெயர்களைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். 264ஆம் பாட்டுக்குக் கரந்தைத் திணை, கையறுநிலைத் துறை. 335ஆம் பாட்டுக்கு வாகை, மூதின்முல்லை. ஆகவே துறையை வைத்துப் படிப்பதை விட்டு, பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே நல்லது.

264 எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. பரற்கற்கள் கிடக்கும் மேட்டு நிலத்தில் பதுக்கை (கற்குவியல்) சேர்த்து, மரல் நாரில் தொடுத்த செம்பூங் கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்து, கல்லை நட்டுவிட்டார்கள். இனி இது தெரியாமல் பாணர் சுற்றம் வருமோ என்று புலவர் கவலைப்படுகிறார். நடுதல் சடங்கின் பொருட்கள் அத்தனையும் இந்த நாலைந்து அடிக்குள் வந்துவிடுகின்றன. பதுக்கை என்றதும் இரும்புக்கால ஈமச் சின்னங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கல்வட்டம், கல்திட்டை, கற்பதுக்கை, குத்துக்கல் என்று தொல்லியலில் தனியாகப் படிப்பவற்றுக்கும் நடுகல்லுக்கும் உள்ள உறவு இந்த ஓரடியில் தெரிகிறது. பெயரும் உருவமும் இல்லாத குத்துக்கல் முந்தியது, பெயர் பொறித்த நடுகல் அதை அடுத்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

நட்டதோடு வேலை முடிவதில்லை. வழிபாட்டைப் பேசும் பாடல்கள்தான் அதிகம். அகநானூறு 35இல் பீலி சூட்டி, துடி கொட்டி, தோப்பிக் கள்ளோடு செம்மறியைப் பலி கொடுக்கிறார்கள். புறநானூறு 329இல் அன்றாடம் நடக்கும் பூசை வருகிறது. நாட்பலி ஊட்டி, நன்னீர் ஆட்டி, நெய் விளக்கேற்ற, அந்தப் புகை தெருவெல்லாம் மணக்கிறது. இங்கே நீராட்டு இருப்பதைப் பார்த்து நீர்ப்படை என்று குறித்துவிடாதீர்கள். இது நட்டு முடித்த கல்லுக்கு நாள்தோறும் செய்வது. 263இல் அந்த வழியே போகும் இரவலனிடம், கல்லைத் தொழாமல் போய்விடாதே என்கிறார்கள். 306இல் ஒரு பெண் நடுகல்லைக் கைதொழுது, விருந்தினர் வரவேண்டும் என்று வேண்டுகிறாள். 335இல் மாங்குடி கிழார் ஒரு படி மேலே போய், களிறு எறிந்து வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவித் தொழ வேறு கடவுளே இல்லை என்கிறார். 232இல் ஔவை அதியமானை நினைத்து, பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை அவன் ஏற்பானோ என்று அழுகிறார். நாடே கொடுத்தாலும் வாங்காதவன் அவன். சடங்கையே கேள்விக்குள்ளாக்கும் பாட்டு இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்கத் தோன்றாது, அதனால் இரவில் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடுகல் போரில் வீழ்ந்தவருக்கு மட்டுமே உரியது என்று ஒரு கூற்று வந்தால் தவறு என்று குறியுங்கள். வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் நடுகல் ஆனதைப் பொத்தியார் புறநானூறு 221இல் பாடுகிறார். கண்ணகிக்குக் கல் எடுத்ததும் இந்த வகைதான். சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தில் குன்றக்குரவைக்குப் பிறகு காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு காதைகள் வருகின்றன. பெரும்படைக்குத் தனிக் காதை இல்லை, தொல்காப்பியத்தில் இல்லாத வரந்தருதல் இங்கே இருக்கிறது. கல் இமயத்தில் எடுத்தது, நீராட்டு கங்கையில். போரில் வீழ்ந்து கல்லாய் நின்றவர்களைப் பேசும் குறள் 771ஐயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். படைச்செருக்கு அதிகாரத்தின் முதல் குறள் அது.

இனி கல்வெட்டியல். சங்கப் பாட்டில் பெயர் பொறித்த கல் என்றும், ஐங்குறுநூறு 352இல் எழுத்துடை நடுகல் என்றும் வருகிறது. ஆனால் அந்தக் காலத்து எழுத்துள்ள கல் ஒன்றுகூடக் கிடைக்காமல் இருந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள மூன்று கற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டெடுத்தார்கள். ஒன்றில், 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று இருக்கிறது. கூடலூரில் ஆகோள், அதாவது ஆநிரை கவரும் பூசலில் இறந்த தீயன் அந்தவனின் கல். உருவம் எதுவும் இல்லை, எழுத்து மட்டும். தொல்காப்பியம் ஏன் இதை வெட்சியில் வைத்தது என்பதற்கு அந்த ஆகோள் என்ற ஒரு சொல்லே சாட்சி.

பல்லவர் காலக் கற்கள் வட்டெழுத்தில் இருக்கும், வீரன் உருவமும் இருக்கும். வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான்: அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன் பெயர், இறந்தவன் பெயர், காரணம், முடிவில் 'பட்டான் கல்'. இந்த அச்சு மனத்தில் இருந்தால் பாதி அழிந்த கல்லையும் ஓரளவு படித்துவிடலாம். தொறு என்றால் மாட்டு மந்தை என்பதை மட்டும் மறக்காதீர்கள். செங்கம் வட்டாரக் கற்களில் அது திரும்பத் திரும்ப வரும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனுக்கு எடுத்தது. அவன் அருகிலேயே கோவிவன் என்ற நாயும் நிற்கிறது, இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்ததாம். மன்னர் பெயர்களை மறப்பவர்கள்கூட இந்த நாயை மறக்க மாட்டார்கள்.

நெட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. அதனால் பாட்டு எண்ணில் சந்தேகம் வந்தாலும் விடாமல் குறியுங்கள்.

முடிந்தால் ஒரு கல்லையாவது நேரில் போய்ப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பூசை பெறுகின்றன. காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால் எழுத்து தெளியும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. எண்ணெயும் மஞ்சளும் படிந்திருந்தால் சுரண்டாதீர்கள், எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். செருப்பைத் தள்ளிக் கழற்றி வையுங்கள்.