இத்தாலி நாட்குறிப்பு: டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது

2025 மே 13, செவ்வாய், ரோம்

ஃபியூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக எல்லோரும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலைத்தான் சொல்வார்கள். 14 யூரோ, 32 நிமிடம், நேரே நகரின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினி. தங்குமிடம் தெர்மினி பக்கம் என்றால் சரி. த்ராஸ்தேவெரே, ஓஸ்தியென்சே, திபுர்த்தீனா பக்கம் என்றால் எஃப்.எல்.1 ரயில் போதும், 8 யூரோதான். அது தெர்மினிக்குப் போகாது. நான்கு பேர் பெட்டி படுக்கையோடு வந்தால் வெள்ளை டாக்சியே லாபம்: பழைய ரோம மதிலுக்கு உட்பட்ட எந்த இடத்துக்கும் 55 யூரோ. இது வண்டிக்கு, ஆளுக்கு அல்ல. உள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர் பின்னால் போகாமல், வெளியே வரிசையில் நிற்கும் வண்டியில் ஏறுங்கள்.

மே 14, புதன், ரோம்

நகர டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் பஸ் எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோ ஒரு தடவைதான். மெட்ரோ வாசலில் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் கணவனும் மனைவியும் தட்ட முடியாது. காலையில் அட்டை, மாலையில் அதே அட்டையைப் போனில் வைத்துத் தட்டினால் இரண்டு பேராகக் கணக்காகும்.

சைவர்களுக்கு: பூசணிப்பூ பஜ்ஜி மாதிரி ஒன்று பொன்னிறமாகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். பார்த்ததும் கை நீளும். ரோமில் அதன் உள்ளே மொசரெல்லா பாலாடைக்கட்டியோடு நெத்திலி மீன் வைப்பார்கள். பூவின் நுனியைப் பிரித்தால் பழுப்பாக ஒரு துணுக்கு தெரியும். மாறாக 'மரினாரா' பீட்சாவின் பெயரில்தான் கடல். அதில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே. பார்மெசான் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பைச் சாற்றால்தான் உறைய வைக்கிறார்கள். அது வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மே 16, வெள்ளி, ஃபுளோரன்ஸ்

பலரும் அபராதம் கட்டுவது பீசா போகும் ரயில் போன்ற உள்ளூர் ரயில்களில்தான். ஃப்ரெச்சாரோசா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை எண்ணும் நேரமும் டிக்கெட்டிலேயே இருக்கும். ஏறி உட்கார்ந்தால் போதும். 'ரெஜொனாலே' எனும் உள்ளூர் ரயில் அப்படியல்ல. 2025 மே மாதத்தில் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கம் இருந்த சிறு இயந்திரத்தில் செருகி, தேதியும் நேரமும் முத்திரையாக அச்சாகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மை மங்கலாக இருந்தால் அடுத்த இயந்திரத்துக்குப் போக வேண்டும். அச்சான பிறகு 4 மணி நேரம் செல்லுபடியானது. முத்திரை இல்லாத டிக்கெட்டை மீண்டும் பயன்படுத்தலாமே என்பது பரிசோதகரின் நியாயம். கையில் டிக்கெட் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. செயலியில் வாங்கியதற்கு முத்திரை கிடையாது, பதிலாக 'செக்-இன்' பொத்தானை ரயில் கிளம்பும் முன் அழுத்த வேண்டும். நிலையத்திலேயே அழுத்திவிடுவது நல்லது, ஓடும் ரயிலில் சிக்னல் போய்விட்டால் வம்பு.

அதிவேக ரயில் விலை நாள் நெருங்க ஏறும், முன்கூட்டியே வாங்குங்கள். உள்ளூர் ரயில் விலை ஏறாது, அவசரப்பட வேண்டாம். வேலைநிறுத்தம் இங்கே சகஜம். அப்போதும் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் அத்தியாவசிய சேவை நடக்கும். பயணத்தை அந்த நேரத்தில் வையுங்கள்.

மே 17, சனி, வெனிஸ்

'வெனிசியா மெஸ்த்ரே' என்று அறிவித்ததும் இறங்கிவிடாதீர்கள். அது கரையோரப் புறநகர். தீவுக்குள் இருப்பது 'சாந்தா லூச்சியா', இன்னும் பத்து நிமிடம்.

2025இல் ஏப்ரல் 18 முதல் மே 4 வரை தினமும், பிறகு ஜூலை கடைசி வரை வெள்ளி, சனி, ஞாயிறுகளில் அன்றே வந்து திரும்பும் பயணிக்கு நுழைவுக் கட்டணம் இருந்தது: முன்கூட்டிப் பதிந்தால் 5 யூரோ, கடைசி மூன்று நாளில் 10. நேரம் காலை 8.30 முதல் மாலை 4 வரை. நாலு மணிக்குமேல் வந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. வெனிஸிலோ மெஸ்த்ரேயிலோ அறை எடுத்தவருக்கு விலக்கு இருந்தது, ஆனால் அதையும் இணையத்தில் பதிந்து கியூ.ஆர். குறியீடு வைத்திருக்க வேண்டியிருந்தது. இலவசத்துக்கும் பதிவா என்று முணுமுணுக்கலாம், பதியாமல் இருக்க முடியவில்லை.

வாபொரெத்தோ எனும் பொதுப் படகு 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, 24 மணி நேரத்துக்கு 25. மூன்று முறை ஏறுவதாக இருந்தால் இரண்டாவதே மலிவு. ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் டிக்கெட் அட்டையைத் தட்ட வேண்டும். பாலங்களில் பெரும்பாலானவை படிக்கட்டு என்பதால் சக்கரப் பெட்டிக்காரர்கள் அறையைச் சாந்தா லூச்சியா அருகே எடுப்பது உத்தமம்.