நான்கா, ஆறா?

மார்ச் 2, 2024, சனி

லீட்ஸில் இன்று காலை வெயில் எட்டிப் பார்த்தது. மார்ச் தொடக்கத்தில் இங்கே அதுவே பெரிய விஷயம். வாசற்படி இடுக்கில் முளைத்த களையைப் பிடுங்கலாம் என்று குனிந்தவன், பிடுங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்த இலைகள். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன உருண்டைச் சிற்றிலைகள் கோத்த கூட்டிலை. நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு தண்டு, உச்சியில் மிளகைவிடச் சின்ன வெள்ளைப் பூக்கள். ஹேரி பிட்டர்கிரெஸ், அதாவது கார்டமைன் ஹிர்சுட்டா. கடுகுக் குடும்பம்.

உட்காரக் காரணம் இருக்கிறது. போன வருடம் இங்கே மீன்வுட் ஓடைக்கரையிலும் இதையே பார்த்ததாக, இந்த வட்டாரத்துக் காட்டுச்செடிகளைக் கணக்கெடுக்கும் பதிவாளருக்குப் பதிவு அனுப்பியிருந்தேன். போன வாரம் அவரிடமிருந்து பணிவாக ஒரு மின்னஞ்சல்: அது வேவி பிட்டர்கிரெஸ், அதாவது கார்டமைன் ஃப்ளெக்சுவோசாவாக இருக்குமோ, மகரந்தத்தாள்களை எண்ணினீர்களா?

எண்ணவில்லை. தண்டில் முடி இருந்தது, பெயரிலும் 'ஹேரி', அதாவது முடியுள்ளது, என்று இருக்கிறது, ஆகவே அது இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்று கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் வாசல் செடியின் தண்டு கிட்டத்தட்ட வழவழ. இலையின் மேற்புறத்தில்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி. தண்டில் நன்றாக முடி இருப்பது வேவிக்கு. பெயர் வைத்தவர்மேல் கோபம் வந்தது.

மார்ச் 3, ஞாயிறு

எண்ணும் வேலை. கடுகுப் பூ என்றால் நான்கு இதழ் சிலுவை மாதிரி, உள்ளே ஆறு மகரந்தத்தாள்: நான்கு நெட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டை. சமையலுக்கு வாங்கும் கடுகின் செடிக்கும் அதே கணக்குத்தான். ஹேரியில் அந்தக் குட்டை இரண்டும் பெரும்பாலும் இருக்காது. வேவியில் ஆறும் இருக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. பூவோ மூன்று மில்லிமீட்டர், என் கண்ணுக்கோ வயது நாற்பத்தாறு. கடைசியில் மகளைக் கூப்பிட்டேன். ஒன்பது வயசுக் கண். லென்ஸை வாங்கி இரண்டு நொடி பார்த்துவிட்டு, "நாலுப்பா. இதுக்கா அரை மணி நேரம்?" என்றாள்.

மார்ச் 16

மழை. ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, சனி

ஓடைக்கரை. காட்டுப்பூண்டு வாசம் செருப்பு வரை ஏறியிருந்தது. ஈர நிழலில் அந்தச் செடி, முழங்கால் உயரம் வரை. தண்டு கணுவுக்குக் கணு திசை மாறி வளைந்து போகிறது. கீழ்ப்பகுதி முழுக்க முடி. தண்டிலேயே ஏழெட்டு இலைகள். வாசல் செடியின் தண்டில் இரண்டுதான், மற்றதெல்லாம் அடியில் இருந்தது. மகள் எண்ணினாள்: ஆறு. அடுத்த பூவும் ஆறு. சரி, வேவி. போன வருடப் பதிவு தப்பு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

திரும்பும் வழியில்தான் வம்பு. பாதையோரம், பாதி நிழலில், நெடுநெடுவென்று ஒரு செடி. தண்டு லேசாக வளைந்திருந்தது. "அஞ்சுப்பா." இன்னொரு தடவை பார் என்றேன். "அஞ்சுதான்."

ஒரே பூவை நம்பக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. பத்துப் பூ பார்க்கச் சொன்னேன். ஏழில் நான்கு, இரண்டில் ஐந்து, ஒன்றில் ஆறு. வேவியாக இருந்தால் இப்படித் தடுமாறாது. தண்டில் முடியில்லை, அடியில் இலை வட்டம் இன்னும் அடர்த்தியாக இருந்தது, காய்கள் நிமிர்ந்து பூக்களின் தலைக்கு மேலே போயிருந்தன. ஹேரிதான், நிழலில் நெடிது வளர்ந்த ஹேரி. இந்தச் செடிக்கு இதழ் எண்ணிக்கைகூட நிலையில்லை, நான்கிலிருந்து ஒன்றுமே இல்லாதது வரை போகும். ஒற்றை அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லும் வழக்கத்தை விட வேண்டும். போன வருடம் முடியைப் பிடித்தேன், இந்த வருடம் மகரந்தத்தாளைப் பிடிக்கப் பார்த்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. மாங்காய் பச்சடிக்கு மாங்காய் கிடைத்தது, வேப்பம்பூ கிடைக்கவில்லை.

சாயங்காலம் படித்தது: ஹேரிக்கு குரோமோசோம் 16, வேவிக்கு 32. வேவி தனியாக வந்த செடி இல்லை. ஹேரியும் கார்டமைன் அமாரா என்ற இன்னொரு செடியும் கலந்து, இரண்டின் குரோமோசோமையும் முழுசாக வைத்துக்கொண்டு பிறந்தது. அமாராவுக்கும் 16. அது ஈரக்கரையில் வளர்வது, ஊதா நிற மகரந்தப்பை உள்ளது. வேவி ஏன் ஈர நிழலைத் தேடுகிறது, ஏன் என் வாசல் களையின் சாயலிலும் இருக்கிறது என்பது இப்போது புரிகிறது. பெற்றவர் முகத்தை வைத்துப் பிள்ளையை அடையாளம் காணப் போய்த்தான் நான் குழம்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 27, சனி

வாசல் செடியின் காய்கள் முற்றிவிட்டன. விரல் பட்டதும் படக்கென்று வெடித்து மகளின் கண்ணாடியில் விதை அடித்தது. இருவரும் அலறிவிட்டோம், அப்புறம் மிச்சக் காயையெல்லாம் அவளே தொட்டுத் தொட்டுத் தீர்த்தாள். காய் காய்ந்து வெடிப்பதில்லை, பச்சையாக இருக்கும்போதே வெடிக்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2016-இல் காட்டியது இது: காய்த் தோட்டின் செல்களில் நீர் அழுத்தம் ஏறி நிற்க, உள்பக்கத்துக் கெட்டியான சுவர் கீல் போல மடங்க, தோடு ஒரு நொடியில் சுருண்டு விதையை விசிறுகிறது. ஒரு நொடி என்பது பேச்சுக்கு, உண்மையில் சில மில்லி நொடிதான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கடுகு சாதிதானேப்பா, வெடிக்காம என்ன செய்யும்? முதல்ல அதைப் பிடுங்கிப் போடு."

மே 6, திங்கள்

வங்கி விடுமுறை. நாற்றுக்கடையில் வாங்கிய ரோஜாத் தொட்டியில் கூடவே ஒன்று வந்திருக்கிறது. மகரந்தத்தாள் ஆறு, அதனால் வேவி என்று எழுதக் கை போனது. ஆனால் பூக்கும்போதே அடியில் இலை வட்டம் இல்லை, இலையில் முடியே இல்லை. கார்டமைன் ஒக்கல்ட்டா என்று ஒன்று உண்டு, கிழக்காசிய நெல்வயல் களை, குரோமோசோம் 64. தொட்டிச் செடிகளோடு ஐரோப்பாவுக்கு வந்தது. ஆசியாவில் வெகுகாலம் அதையும் ஃப்ளெக்சுவோசா என்றே எழுதிவந்தார்கள்.

பதிவாளருக்குப் படமும், காகிதத்தில் அழுத்திய ஒரு கிளையும் அனுப்புகிறேன், பெயர் இல்லாமல். தொட்டியில் மகள் சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "ஆறு. பத்துப் பூ பார்த்தாச்சு. முடி இல்லை. தொடாதே."