ஜொகூர் போன டேப்

பழைய வீடியோ கேமராவின் மினிடிவி (MiniDV) டேப்பைக் கணினியில் ஏற்ற குறுக்கு வழி கிடையாது. 60 நிமிட டேப் என்றால் 60 நிமிடமும் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். போன வாரம் 2014இல் எடுத்த டேப்புகளை அப்படி ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது, ஜொகூர் பாரு போன டேப்.

அப்போது சிங்கப்பூரில் ஸ்கேட்போர்டு பலகை ஓட்டும் நாங்கள் ஆறு பேர். சனிக்கிழமை என்றால் சாமர்செட் ஸ்கேட் பார்க், மழை வந்தால் ஏதாவது வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். சின்ன வட்டம், யார் வீடியோவைப் பார்த்தாலும் அதே படிக்கட்டு, அதே திண்டு. புது இடம் வேண்டுமென்றால் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போக வேண்டும். குவீன் ஸ்திரீட்டில் 170ஆம் எண் பஸ் ஏறி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பலகையோடு இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி பஸ் பிடித்து, அந்தப் பக்கமும் இறங்கி நிற்போம்.

என் பையில் சோனி விஎக்ஸ்1000. 1995இல் வந்த கேமரா, அப்போதே அதற்கு வயது 19. மேலே கைப்பிடி இருப்பதால் அகலமாகப் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்ஸை மாட்டி, தரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நண்பனுக்குப் பக்கத்திலேயே நானும் உருண்டு போகலாம். ஆனால் எனக்கு அதில் பிடித்தது மைக். தரைக்குத் தரை சத்தம் மாறும். நம் ஊர் வழவழப்பான கல்லில் சக்கரம் சீறிக்கொண்டு போகும். ஜொகூரின் பழைய கடைவீதி சிமெண்டில் கடகடவென்று பல்லெல்லாம் அதிரும். படமெடுக்கிறவன் தன் பலகைக்கு 78ஏ மாதிரி மெத்தென்ற சக்கரம் போடுவது அதனால்தான். என் சத்தம் டேப்பில் விழக்கூடாது, அவனுடையது மட்டும் விழ வேண்டும்.

அன்று எங்களில் ஒருவன் கட்டாய தேசிய சேவைக்குப் போக ஒரு வாரம்தான் இருந்தது. இரண்டு வருஷம். போவதற்குள் ஆறு படியில் ஒரு கிக்ஃபிளிப் எடுத்துவிட வேண்டும் என்றான். குதிக்கும்போதே முன்காலால் பலகையைச் சுண்டிவிட வேண்டும். அது காலுக்கடியில் ஒரு சுற்று உருண்டு வந்ததும் இரண்டு காலையும் மேலே வைத்து இறங்க வேண்டும். ஆறு படி தாண்டிச் செய்யும்போது யோசிக்க நேரமே இருக்காது. நான் கடைசிப் படிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவன் விழுந்தான். எழுந்து ஏறினான், மறுபடி விழுந்தான். டேப்பில் இருபது நிமிடத்துக்கும் மேல் இதுதான்.

பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில், "தம்பி, எலும்பு போயிடும்பா" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது டேப்பில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது: "முன்காலு சரியா வருது. பின்காலுதான் பயப்படுது. அவன்கிட்ட சொல்லுப்பா."

நண்பன் மலாய்க்காரன், தமிழ் புரியாது. நான் எடுத்துச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டு மேலே ஏறினான். அதற்கு அடுத்து இரண்டு தடவை விழுந்தான். மூன்றாவதில் இரண்டு காலும் பலகை மேல். சக்கரம் நான்கும் ஒன்றாகத் தரையில் அடித்த சத்தம், அப்புறம் அந்தக் கடகட, அதற்கும் மேலே கடைக்கார அண்ணனின் கைத்தட்டல்.

அந்த வருஷம் நான் வெளியிட்ட வீடியோவில் இது நான்கே வினாடி, அதுவும் பாட்டு போட்டு. விழுந்ததையெல்லாம் வெட்டினேன், அண்ணனையும் சேர்த்து. எல்லாரும் அப்படித்தான் வெட்டுவோம். இப்போது கேட்கும்போது வயிறு பிசைகிறது. அந்த நான்கு வினாடியை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவரே அவர்தானே.

இருபது நிமிடத்தையும் வெட்டாமல், பாட்டில்லாமல் நண்பனுக்கு அனுப்பினேன். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள், பலகை ஏறி வருஷக்கணக்காகிறது. ராத்திரி ஒரு மணிக்குப் பதில் வந்தது: "அந்தக் கடை இன்னும் இருக்கா?"

வர்ற சனிக்கிழமை 170இல் போய்ப் பார்க்கிறோம். டேப் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.